மூன்று மாதமாக ரத்தம், ஒரு நிமிடப் பரிசோதனைக்குப் பயம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அண்ணா எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். ஆள் யாரென்று தெரியக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 57. துணி ஃபேக்டரி வேலையை விட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை, இதயத்துக்காகத் தினமும் ஒரு ஆஸ்பிரின். மூன்று மாதமாக மலம் போகும்போது விட்டு விட்டு ரத்தம் வருகிறது. வலி கிடையாது, ஆனால் கால்சட்டை கொஞ்சம் தளர்ந்துவிட்டது. கோயிலில் பழக்கமான ஒருவர், "உடம்புச் சூடு, மூலம்தான், மட்டன் கறியில் மிளகாயைக் குறை, மோர் குடி" என்றாராம். மருந்துக்கடையில் ஒரு ட்யூப் களிம்பு வாங்கிப் பூசியும் பார்த்தார். கடைசியில் கிளினிக்குக்குப் போனால், இளம் பெண் டாக்டர் ஒருவர், "பக்கவாட்டில் படுங்கள், விரல் விட்டுப் பார்க்க வேண்டும்" என்று கையுறையை எடுக்க, இவர், "மகள் காரில் காத்திருக்கிறாள், அப்புறம் வருகிறேன்" என்று எழுந்து வந்துவிட்டார். இவருடைய அப்பா 71 வயதில் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் எலும்புக்குப் பரவி இறந்தவர். 48 வயதில் ஒரு தம்பி இருக்கிறார். மனைவிக்கு எதுவும் தெரியாது. கேட்கும் கேள்விகள் இவை: அந்தப் பரிசோதனையில் என்ன செய்வார்கள், வலிக்குமா? ஆண்மைக்குக் கெடுதலா? முடியாது என்று சொல்ல உரிமை உண்டா, ஆண் டாக்டரைக் கேட்கலாமா? இப்போதெல்லாம் ரத்தப் பரிசோதனையே போதும் என்கிறார்களே, அதை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டியிருக்கிறார், அந்த விரதத்துக்கு இது தீட்டா, அது முடிந்தபிறகு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

அண்ணா, ஒரு பெண் டாக்டரிடமிருந்து தப்பி வந்து இன்னொரு பெண் டாக்டருக்கே கடிதம் எழுதியிருக்கிறீர்கள், அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. கூச்சம் எல்லாருக்கும் வருவதுதான், அதை நான் குறைசொல்லப் போவதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி அந்த விரல் பரிசோதனையைப் பற்றித்தான் இருக்கிறது. ரத்தத்தையும் தளர்ந்த கால்சட்டையையும் நடுவில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு வரி. முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

அறைக்குள் என்ன நடக்கும்

இதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம், எனிமா வேண்டாம், பேதி மருந்தும் வேண்டாம். முன்னால் ஒருமுறை சிறுநீர் கழித்துவிட்டு வந்தால் சௌகரியம். இடுப்புக்குக் கீழே உடையைத் தளர்த்தி, இடது பக்கமாகப் படுத்து, முழங்கால்களை நெஞ்சுப் பக்கம் மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். மேலே ஒரு துணி போர்த்திவிடுவார்கள். போர்த்தாவிட்டால் கேளுங்கள். சில டாக்டர்கள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றபடி குனியச் சொல்வதும் உண்டு, எது உங்களுக்கு வசதியோ அப்படிச் செய்யலாம்.

முதலில் கண்ணால் பார்ப்பதுதான். ஆசனவாயைச் சுற்றி வெளிமூலம், வெடிப்பு, பவுத்திரத்தின் துளை, புண், கட்டி என்று எதுவும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் கையுறை போட்ட ஆள்காட்டி விரலில் தாராளமாக வழவழப்பு ஜெல் தடவி, ஆசனவாயின்மேல் வைத்து மெல்ல அழுத்திக்கொண்டு சில நொடி காத்திருப்பார்கள். அந்த இடத்துத் தசை தொட்டவுடன் இறுகும், கொஞ்ச நேரத்தில் தானாகவே தளரும். தளரும்போது விரல் உள்ளே போகும். அந்த நேரத்தில் வாயைத் திறந்து மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தால் தசையும் சேர்ந்து இறுகும், வலிப்பது பெரும்பாலும் அதனால்தான்.

உள்ளே போன விரல் சுற்றிலும் மலக்குடலின் சுவரைத் தடவிப் பார்க்கும். ஆண்களுக்கு முன்பக்கச் சுவர் வழியாகப் புராஸ்டேட் சுரப்பியின் பின்பகுதி கைக்கு அகப்படும். நல்ல புராஸ்டேட் உங்கள் மூக்கு நுனியைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி, வழவழப்பாக, கொஞ்சம் அமுங்குகிற மாதிரி இருக்கும். விரல் முட்டியைத் தொடுவதுபோல எங்காவது கெட்டியாகத் தட்டினால் டாக்டர் அங்கே நிதானிப்பார். அந்தச் சுரப்பியை அழுத்தும்போது சிறுநீர் வருகிற மாதிரி ஓர் உணர்ச்சி தோன்றும், மலம் வந்துவிடுமோ என்றும் தோன்றும். வராது. ஒருமுறை விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள், அது தசையின் பலத்தைப் பார்ப்பதற்கு. விரலை எடுத்தபிறகு கையுறையில் ரத்தமோ சளியோ தார்போலக் கருத்த மலமோ ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். துடைத்துக்கொள்ளக் காகிதம் தருவார்கள். ஆக மொத்தம் ஒரு நிமிடம், இழுத்தால் இரண்டு.

அசௌகரியம் நிச்சயம் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். கத்துகிற வலி வந்தால் அது ஒரு தகவல்: ஆசனவாயில் வெடிப்போ சீழ்க்கட்டியோ இருக்கலாம். உடனே சொல்லுங்கள், நிறுத்திவிடுவார்கள், மரத்துப்போகும் ஜெல் போட்டோ வேறொரு நாளிலோ பார்க்கலாம். சிலருக்கு எழுந்தவுடன் லேசாகத் தலை சுற்றும், ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் சரியாகிவிடும். ஆண்மைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. புராஸ்டேட்டைத் தொடும்போது சிலருக்கு உடம்பு தன்னிச்சையாக எழுச்சி காட்டுவதும் உண்டு, அது நரம்பின் வேலை, எந்த டாக்டரும் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள மாட்டார்.

எதற்காக இதைச் செய்கிறார்கள்

மலத்தோடு ரத்தம், மலம் போகும் வழக்கத்தில் மாற்றம், காரணம் தெரியாத ரத்தசோகை, சிறுநீர் தடைபட்டு வருவது, வயதானவர்களுக்கு மலம் கல்லாகி அடைத்துக்கொள்வது, இதற்கெல்லாம் முதல் படி இந்த விரல்தான். முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தி கால் மரத்துப்போய் வருகிறவர்களுக்கும் செய்வோம், ஆசனவாய்த் தசை இறுகுகிறதா என்பதை வைத்து எவ்வளவு அவசரம் என்று புரிந்துகொள்ளலாம். பெண்களுக்கும் இதே பரிசோதனை உண்டு, புராஸ்டேட் இல்லையே என்று விட்டுவிட முடியாது. இதைப் படிக்கும் அக்காமார்களும் கவனியுங்கள்.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். விரல் எட்டுவது ஏழெட்டு சென்டிமீட்டர்தான், கை நீளமான டாக்டராக இருந்தால் பத்து. மலக்குடலே அதைவிட நீளம், அதற்கு மேலே பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் இருக்கிறது. அதனால் விரலுக்கு ஏதாவது தட்டினால் அது பெரிய உதவி. ஒன்றும் தட்டவில்லை என்றால் அந்த ஏழெட்டு சென்டிமீட்டரில் ஒன்றும் தட்டவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். "விரல் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நிம்மதியும் எனக்குப் பிடிக்காது.

மூலம் என்று யார் சொன்னது?

கோயில் நண்பர் சொன்னார், நீங்கள் நம்பினீர்கள். மூலமாக இருக்க வாய்ப்பு உண்டுதான். வலியில்லாமல் பளிச்சென்று சிவப்பாக ரத்தம் வருவதற்கு உள்மூலம் மிகச் சாதாரணமான காரணம். ஆனால் மலக்குடலில் வளரும் புற்றுநோயும் ஆரம்பத்தில் வலிக்காது, அதிலிருந்தும் இதே சிவப்பு ரத்தம்தான் வரும். நிறத்தைப் பார்த்து வீட்டில் உட்கார்ந்தபடி இரண்டையும் பிரிக்க யாராலும் முடியாது. இன்னொன்று, இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம். உங்களுக்கு மூலம் இருப்பது நாளைக்கே உறுதியானாலும், 57 வயதில் மூன்று மாத ரத்தப்போக்குக்கு அதோடு விசாரணையை முடித்துவிடக் கூடாது.

காரத்துக்கு வருவோம். டர்பன் கறியின் மிளகாய் மலம் போகும்போது எரிச்சல் கொடுக்கும், ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். மூலத்தை உண்டாக்குவது அதைவிடப் பெரும்பாலும் நார்ச்சத்துக் குறைவு, முக்குவது, கழிப்பறையில் ஃபோனை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது. மோர் குடியுங்கள், நல்லதுதான். அதை மருந்து என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டியதில்தான் எனக்குச் சங்கடம். ஆஸ்பிரினால்தான் ரத்தம் வருகிறது என்று அடுத்து யாராவது சொல்வார்கள். ஆஸ்பிரின் இருக்கிற கசிவைக் கொஞ்சம் கூட்டும், ஆனால் எங்கிருந்து கசிகிறது என்ற கேள்வி அப்படியே இருக்கும். அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அது உங்கள் இதயத்துக்காகக் கொடுத்தது.

அதனால் விரல் பரிசோதனையோடு ஹீமோகுளோபின், இரும்புச் சத்து பார்க்க ரத்தம் எடுப்பார்கள். பிறகு கொலோனோஸ்கோபிக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். முந்தின நாள் தெளிந்த திரவ உணவும் பேதி மருந்தும், மறுநாள் மயக்கம் கொடுத்து கேமரா வைத்த குழாயால் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது. சர்க்கரை மாத்திரையை அந்த இரண்டு நாளும் எப்படி எடுத்துக்கொள்வது என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய் குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சியாக, அதாவது பாலிப்பாக ஆரம்பித்துப் பல வருடம் எடுத்து வளர்வது. அந்தப் பாலிப்பை அப்போதே கத்தரித்து எடுத்துவிடலாம் என்பது இந்தப் பரிசோதனையின் பெரிய லாபம். அரசு ஆஸ்பத்திரியில் இதற்கு வரிசை நீளம், அதனால்தான் வரிசையில் சீக்கிரம் பெயர் கொடுக்கச் சொல்கிறேன். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்தால் முன்அனுமதியும், கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை உண்டா என்பதும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனை மட்டும் போதாதா?

நீங்கள் கேள்விப்பட்டது பிஎஸ்ஏ, புராஸ்டேட்டிலிருந்து வரும் ஒரு புரதத்தை ரத்தத்தில் அளக்கும் பரிசோதனை. பாதி சரி. ஒரு தொந்தரவும் இல்லாத ஆண்களுக்குப் புராஸ்டேட்டைப் பார்க்க விரலைவிட பிஎஸ்ஏ மேல் என்பதும், எண் கூடியிருந்தால் எம்ஆர்ஐ எடுப்பதும் இப்போது பரவலாகிவிட்டது. சில நாடுகளில் அப்படிப்பட்டவர்களுக்கு விரல் பரிசோதனையை வழக்கமாகச் செய்வதையே குறைத்துவிட்டார்கள். ஆனால் அண்ணா, பிஎஸ்ஏ புராஸ்டேட்டைப் பற்றித்தான் பேசும். உங்களுக்கு ரத்தம் வருவது மலத்தில். அதைப் பற்றி பிஎஸ்ஏவுக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவின் நோயையும் உங்கள் ரத்தத்தையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டும் தனித்தனி, இரண்டையும் பார்க்க வேண்டும், விரல் மட்டும் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பயன்படுகிறது.

அப்பாவுக்கு இருந்ததால் உங்களுக்கு ஆபத்துக் கூடுதல், எனவே பிஎஸ்ஏவும் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எடுப்பதற்கு முன் இரண்டு நாள் தாம்பத்தியமும் சைக்கிளும் வேண்டாம், எண்ணைக் கூட்டிக் காட்டும். சமீபத்தில் சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் ஆறு வாரம் தள்ளி எடுப்பார்கள். பிஎஸ்ஏ கூடியிருந்தாலே புற்றுநோய் என்று இல்லை, வயதாகி வீங்கிய சாதாரணப் புராஸ்டேட்டுக்கும் கூடும். குறைவாக இருந்தும் விரலுக்குக் கெட்டியான முடிச்சு அகப்படுகிறவர்களும் உண்டு. இதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

முடியாது என்று சொல்லலாமா?

தாராளமாக. இந்த நாட்டில் 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் இருக்கிறது. அதன் 6-ஆம் பிரிவின்படி, என்ன பரிசோதனை, எதற்கு, என்ன நன்மை, என்ன ஆபத்து, என்ன செலவு, மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம், முடிந்தவரை உங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். 7-ஆம் பிரிவு உங்கள் சம்மதம் இல்லாமல் சிகிச்சை கூடாது என்கிறது, அவசர நிலை போன்ற சில விலக்குகள் தவிர. "சரி" என்று சொன்னபிறகு நடுவில் "நிறுத்துங்கள்" என்றாலும் நிறுத்தத்தான் வேண்டும்.

அந்தக் கிளினிக்கில் உங்களிடம் இரண்டு வாக்கியம் விளக்கிச் சொல்லியிருந்தால் நீங்கள் ஓடியிருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெளியே அறுபது பேர் காத்திருக்கும் இடத்தில் அந்தப் பெண்ணின் அவசரமும் எனக்குப் புரிகிறது, ஆனாலும் விளக்க வேண்டியது அவருடைய கடமை. இதற்காகப் புகார் எழுதச் சொல்ல மாட்டேன். அங்கே உங்களைக் கேவலமாகப் பேசியிருந்தாலோ, வேண்டாம் என்றும் கேட்காமல் தொட்டிருந்தாலோ கதை வேறு, அப்போது கிளினிக் மேலாளர், அதற்கும் மேலே டாக்டர்களைப் பதிவுசெய்யும் எச்பிசிஎஸ்ஏ என்று வழி இருக்கிறது.

ஆண் டாக்டரைக் கேட்கலாம், அதில் தப்பே இல்லை. ஆண் டாக்டர் அன்று இல்லாமல் இருக்கலாம், அப்போது எந்த நாளில் இருப்பார் என்று கேட்டு அந்த நாளுக்கு நேரம் வாங்கிக்கொண்டு வாருங்கள், "அப்புறம் வருகிறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். கூட ஒரு நர்ஸ் நிற்க வேண்டும் என்றோ, உங்கள் ஆள் ஒருவர் திரைக்கு இந்தப்பக்கம் இருக்க வேண்டும் என்றோ கேட்கலாம். விரல் மட்டும் வேண்டவே வேண்டாம் என்று உங்கள் மனம் அடியோடு மறுத்தாலும், அதை டாக்டரிடம் சொல்லிவிட்டு, "மற்ற பரிசோதனையெல்லாம் செய்யுங்கள், கொலோனோஸ்கோபிக்கு அனுப்புங்கள்" என்று கேளுங்கள். நான் பரிந்துரைக்கும் வழி அதுவல்ல, ஆனால் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

காவடி

விரதத்துக்கு இது தீட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தீர்ப்புச் சொல்ல நான் குருக்கள் இல்லை, உங்கள் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூன்று மாதம் ரத்தம் போய் ஹீமோகுளோபின் இறங்கியிருந்தால், விரதமும் இருந்து, சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு, டர்பனின் கோடைப் புழுக்கத்தில் வெறுங்காலோடு காவடி தூக்கி நடந்தால் வழியிலேயே மயங்கி விழலாம். இதய மாத்திரை சாப்பிடுகிற ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. விரல் பரிசோதனையும் ரத்தம் கொடுப்பதும் ஒரு காலை நேரத்து வேலை, விரதம் தொடங்குவதற்கு எவ்வளவோ முன்பே முடிந்துவிடும். ஹீமோகுளோபின் எண்ணைப் பார்த்தபிறகு காவடியைத் தோளில் தூக்கலாமா, இந்த வருடம் பால்குடத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று முடிவுசெய்யுங்கள். தைப்பூசம் வரை தள்ளினால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: டிசம்பர் நடுவிலிருந்து ஊரே விடுமுறைக்குப் போய்விடும், அவசரமில்லாத பரிசோதனைகளெல்லாம் ஜனவரிக்குத் தள்ளிப்போகும், அந்த நெரிசலில்தான் நீங்களும் போய் நிற்பீர்கள்.

மனைவியிடம் சொல்லிவிடுங்கள். கொலோனோஸ்கோபி நாளில் மயக்கம் கொடுத்தபிறகு தனியாக வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், காரும் ஓட்டக் கூடாது. யாராவது கூட வந்தே ஆக வேண்டும், அன்றைக்குக் காலையில் முதன்முதலாகச் சொல்வதைவிட இப்போதே சொல்வது நல்லது. தம்பிக்கும் சொல்லுங்கள். அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் இருந்தவர் 48 வயது வரை ஒரு பிஎஸ்ஏகூட எடுக்காமல் இருந்திருந்தால் அவரும் இப்போது எடுக்க வேண்டும்.

போகும்போது சொல்ல வேண்டியவை

ரத்தம் எப்போது தொடங்கியது, மலத்தோடு கலந்து வருகிறதா அல்லது மேலே ஒட்டியோ தனியாகச் சொட்டியோ வருகிறதா, மலம் போகும் வழக்கம் மாறியிருக்கிறதா, எடை எவ்வளவு குறைந்தது, அப்பாவின் நோய், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், நாட்டு மருந்து இருந்தால் அதுவும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகப் போவதும், இரும்பு மாத்திரையால் கருப்பாகப் போவதும் உண்டு, அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த வாரத்துக்குள் போங்கள். அதற்கு முன்னால் ரத்தம் கட்டி கட்டியாகவோ நிற்காமலோ வந்தால், தார் மாதிரி கருத்து நாற்றத்தோடு மலம் போனால், தலை சுற்றி விழுந்தால், நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ வந்தால், கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், ஆஸ்பத்திரி கேஷுவால்டிக்குப் போய்விடுங்கள்.